வோல்டேஜ் இறங்கிய நேரத்துச் சோப்பு

கடத்தூர்ப் பக்கம் எங்கள் கொட்டகையில் என் வீட்டுக்காரர் துணி சோப்பு செய்து விற்றார். புங்க எண்ணெயையும் சோடாக்காரம் கரைத்த காரத்தண்ணீரையும் அண்டாவில் ஊற்றி, அடுப்பில் வைத்து, நானும் அவரும் மாற்றி மாற்றிக் கிண்டுவோம். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும். கடைசியில் ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்ப்பார். சுறுக்கென்றால் காரம் இன்னும் சேரவில்லை, கிண்டவேண்டும். ஒரு அண்டாவுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும்.

எண்பதுகளில், மழை பொய்த்த ஒரு வருஷம், அவர் ஒரு இரும்புக் குழாய் செய்தார். உள்ளே மோட்டாரில் சுற்றும் தகடுகள். மேலே இருந்த தொட்டிகளிலிருந்து சூடான எண்ணெயும் காரத்தண்ணீரும் விடாமல் இறங்கும். தகடு அடிக்கிற அடியில் இரண்டும் சேர்ந்து மறுபக்கம் சோப்பாக வழியும்.

"இனிமே உனக்குத் தோளு வலிக்காது" என்றார். எனக்குச் சிரிக்கக்கூடக் கூச்சம்.

காலையில் வந்த முதல் கட்டியை நாக்கில் வைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதே குழாயில் வருவதுதானே என்று மற்றதைப் பார்க்கவில்லை.

மத்தியானம் ஊரில் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும். எங்கள் தகடு மெதுவாகச் சுற்றியது. எண்ணெயும் காரமும் மட்டும் எப்போதும்போல இறங்கின. அரைகுறையாகச் சேர்ந்த சோப்பும் பார்வைக்கு நல்லதுபோலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால், பக்கத்து வீட்டு அக்கா கையை நீட்டினாள். உள்ளங்கை உரிந்து சிவந்து கிடந்தது. "சோப்பு போட்டீங்களா, சுண்ணாம்பு போட்டீங்களாடி?" என்றாள். அவள் பின்னால் இன்னும் சில பெண்கள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

மத்தியானத்துச் சோப்புதான் சேரவில்லை என்று தெரிந்ததும், அந்த நேரம் கிணற்று மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி இவர் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டார். அக்காவின் வீட்டுக்காரர்தான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க, உங்க சோப்பு நொரைக்க எங்க கடலச்செடி காயணுங்களா?"

இவர் திரும்பி வந்தார். செடி நிஜமாகவே காய்ந்துகொண்டிருந்தது. காலையில் மட்டும் குழாயை ஓட்டுகிறேன், நம்பி வாங்குங்கள் என்று பிறகு சொல்லிப் பார்த்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு அண்டாவுக்கே வந்தோம். ஒரு குறையும் இல்லாத சோப்பு. ஒருவரும் தொடவில்லை. எங்கள் துணிக்கே போட்டுத் தீர்த்தோம். நான் துவைத்துவிட்டு வந்ததும் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"நல்லாத்தான இருக்குது" என்பார். என்னைப் பார்த்துச் சொல்லமாட்டார்.