முறிப்பக்காவை ஏமாற்றிய மரம்

ஏணிப் பட்டறையில் அவளுக்கு முறிப்பக்கா என்று பெயர். காரணப் பெயர்தான். மலையிலிருந்து வரும் பைன் மரத்தை அறுத்து இழைத்து ஏணிக்கால் ஆக்கியதும், ஒவ்வொரு லோடிலிருந்தும் சில கால்களை அவளிடம் கொடுப்பார்கள். இரண்டு இரும்புத் தாங்கிகளின் மேல் ஒவ்வொன்றாகக் கிடத்தி, நடுவில் பாரத்தை ஏற்றிக்கொண்டே போவாள். முறியும்போது எவ்வளவு பாரம் என்று முள் காட்டும். போதுமான அளவு தாங்கினால் அந்த லோடு ஏணியாகும். தாங்காவிட்டால் ஆகாது.

மற்றவர்களுக்கு அது கொட்டாவி வரவழைக்கும் வேலை. பேக்கிங் பிரிவிலிருந்த அவளோ வலியக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முறிந்த முனைகளைத் தடவிப் பார்ப்பதில் அவளுக்கு அலுப்பே வரவில்லை. நல்ல மரம் முதலில் முனகும், பிறகு நார் நாராகக் கிழியும். சொத்தை மரம் சாக்பீஸ் மாதிரி பட்டென்று போகும்.

அவள் கணவர் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர். பொழுதெல்லாம் ஏணி மேல்தான். "ஊர்ல எல்லாருக்கும் பொண்டாட்டி கையால ஆக்குனதைச் சாப்பிட்டாப் போதும். எனக்கு அவ கையால முறியாததுல ஏறவும் வேணும்" என்று சிரிப்பார். அவளும் சிரிப்பாள். ஆனால் அன்றைக்குப் பாரம் ஏற்றும்போது இன்னும் கொஞ்சம் கூடவே ஏற்றுவாள்.

வழக்கமாக மரம் வெட்டும் சரிவில் மண் சரிந்து பாதை அடைபட்ட வருடம், முதலாளி மலை உச்சிக்குப் பக்கத்திலிருந்து புது லோடு வரவழைத்தார். லாரியைச் சுற்றிப் பட்டறையே கூடிவிட்டது. மரம் வெள்ளை வெளேரென்று, கணு அதிகம் இல்லாமல் இருந்தது. வளையங்கள் ஊசி நுழைய இடமின்றி நெருங்கிக் கிடந்தன. மரம் வருடத்துக்கு ஒரு வளையம் போடும். மெல்ல வளர்ந்த மரத்துக்கு வளையம் நெருக்கம், நெருக்கமானால் வலு. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் முறிப்பக்கா சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். அந்த லோடையும் கண்ணை மூடிக்கொண்டு புகழ்ந்தவள் அவள்தான்.

முதல் கால் பாதி பாரத்திலேயே முறிந்தது. உள்ளே கணு ஒளிந்திருக்கும் என்று நினைத்தாள். இல்லை. அடுத்ததும் அப்படியே, அதற்கடுத்ததும் அப்படியே. முதலாளி மெஷின் மேல் சந்தேகப்பட்டார். பழைய லோடின் காலொன்றைக் கிடத்திப் பார்த்தார்கள். அது வழக்கம்போல முனகி, வழக்கமான பாரத்தில்தான் போனது. முதலாளியின் முகம் தொங்கிவிட்டது.

"ஏம்மா, நீதானே நல்ல மரம்னு சொன்னே?"

"சொன்னேன் முதலாளி. வெளுத்ததெல்லாம் பால்னு நெனச்சிட்டேன். ஏன்னு தெரியற வரைக்கும் இதுல ஏணி பண்ண வேணாம்."

அவர் முணுமுணுத்தார். ஆனாலும் அறுப்பை நிறுத்தினார்.

பழையதில் ஒரு துண்டு, புதியதில் ஒரு துண்டு என்று பைக்குள் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கணவர் உப்புத்தாள் எடுத்து இரண்டின் முனைகளையும் கண்ணாடிபோல் தேய்த்துக் கொடுத்தார். மாமனார் பேப்பர் படிக்கிற பூதக்கண்ணாடியை இரவல் வாங்கினாள். சமையல் மேடையில் வைத்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. ஒவ்வொரு வளையத்திலும் முதலில் வெளிர் பகுதி, அதன் விளிம்பில் ஒரு கருங்கோடு. பழைய மரத்தில் அந்தக் கோடு தையல் நூல் கனம் இருந்தது. புது மரத்தில் தலைமுடி கனம்கூட இல்லை. நகத்தால் அழுத்தினாள். வெளிர் பகுதி பள்ளம் விழுந்தது, கருங்கோடு அசையவில்லை. வலு முழுக்கக் கோட்டில்தான் இருக்கிறது. இத்தனை நாளும் நெருக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, எது நெருங்கியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

"சரி, மரம் ஏன் கோட்டை ஒழுங்காப் போடல?" என்று கணவர் கேட்டார். அதைத் தெரிந்துகொள்ள, அந்த வாரமே லாரி டிரைவரிடம் சொல்லி, முன் சீட்டில் ஏறி மலைக்குப் புறப்பட்டுவிட்டாள்.

மேலே மரங்கள் குட்டையாக, காற்றுக்குக் குனிந்து நின்றன. மரம் வெட்டுகிறவர் தாடிக்காரர். மரத்தைக் கீழே அனுப்பிய பிறகு அது என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரியாது, கேட்டதும் இல்லையாம். ஆனால் பட்டை உரிப்பது அவருக்கு அத்துப்படி. மரம் வளரும் காலத்தில் பட்டை வாழைப்பழத் தோல்போல் வழன்று வரும், வளர்ச்சி நின்றதும் ஒட்டிக்கொள்ளும்.

"அடிவாரத்துல சீக்கிரமே உரிய ஆரம்பிச்சிடும், தங்கச்சி. இங்க பனி உருகவே பாதிக் கோடை போயிடும். உரியுதேன்னு கத்தியை எடுத்தா, அதுக்குள்ள ஒட்டிக்கும். குளிர் வந்துடுமில்ல?"

அவள் வெட்டப்பட்டு நின்ற ஒரு அடிமரத்தின் மேல் உட்கார்ந்து யோசித்தாள். கோடையின் தொடக்கத்தில் மரம் தண்ணீர் ஏற்றுவதற்கு வெளிர் பகுதியைக் கட்டுகிறது. கடைசியில்தான் நார்க்குழாய்களின் சுவரைத் தடிப்பாக்கிக் கருங்கோட்டைப் போடுகிறது. உச்சியில் அதற்கு நேரமே கிடைப்பதில்லை.

"உலை கொதிக்கறதுக்குள்ள அடுப்பு அணைஞ்ச மாதிரிண்ணே" என்றாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.

இறங்கும் வழியில் ஒவ்வொரு உயரத்திலும் லாரியை நிறுத்தச் சொல்லி அடிமரங்களைப் பார்த்தாள். டிரைவர் பொறுமைசாலி. அடிவாரத்து மரங்கள் சூட்டிலும் ஈரத்திலும் ஊதிப் பெருத்திருந்தன. வளையம் அகலம்தான், ஆனால் பெரும்பாலும் வெளிர். நடுச்சரிவில்தான் நெருக்கமும் இருந்தது, கருங்கோடும் இருந்தது. பல வருடமாகத் தான் சொல்லிவந்தது பாதி தப்பு என்று தெரிந்தும் அவளுக்கு வருத்தமே வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

நடுச்சரிவு மரத்திலிருந்து வட்டமாக ஒரு வில்லை அறுத்து வாங்கிவந்தாள். அதில் ஒரே ஒரு வளையத்தில் மட்டும் கோடு மங்கிக் கிடந்தது. வீட்டில் அவளும் கணவரும் பட்டையிலிருந்து உள்ளே எண்ணினார்கள். கணவர் விரலை எடுக்காமல் அதையே பார்த்தார்.

"இது நமக்குக் கல்யாணம் ஆன வருஷம். கோடை முழுக்க வெயிலே அடிக்கல. அடிச்ச பெயின்ட் காயாம, ஒரு வீட்டுக்காரரு சட்டையெல்லாம் பச்சையாகிச் சண்டைக்கு வந்தாரே, மறந்துட்டியா?"

அவளுக்கு மறக்கவில்லை. அதே வெயில் குறைவு மலையில் நின்ற மரத்துக்கும் தெரிந்திருக்கிறது என்பதுதான் ஆச்சரியமாக இருந்தது. சாப்பாடு ஆறுகிறவரை இருவரும் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

முதலாளி நடுச்சரிவுக்குப் புதுப் பாதை பேசி முடித்தார். உச்சி மரத்தைப் பெட்டி செய்கிறவர் ஒருவர் எடுத்துக்கொண்டார். எடை குறைவு, இழைக்க வெண்ணெய் மாதிரி இருக்கிறது என்று அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். முறிப்பக்கா புதியவர்களுக்குச் சொல்லும் பாடம் கொஞ்சம் நீண்டுவிட்டது. கைக்கொரு பூதக்கண்ணாடி கொடுத்துத்தான் ஆரம்பிக்கிறாள்.

கணவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. போன மாதம் பெயின்ட் அடிக்கப் போன ஒரு வீட்டில் அந்த வீட்டு ஏணியைக் கொடுத்தபோது, அதைச் சாய்த்து முனையை உற்றுப் பார்த்து, கருங்கோடு போதாது, ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரம்மா ஏணியிலே என்ன ஜாதகமா பார்க்கிறீங்க என்று கேட்டாராம். அவர் தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போய், முறிப்பக்கா சோதித்த மரத்தில் செய்த தன் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.