தம்பியின் முகத்துக்கு ஒரு லென்ஸ்

நாளை என் தம்பி பத்துமலைக் குகைக் கோயிலில் முதன்முறையாகக் காவடி எடுக்கிறான். ஃபிளாஷ் அடித்தால் அருள் கலைந்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மாவால் படியேற முடியாது. குகைக்குள் அவன் முகத்தை அவர் பார்க்கப்போவது என் படத்தில்தான்.

என் பழைய கேமராவோடு வந்த லென்ஸ் அந்த இருட்டுக்குப் போதாது. பிரிக்ஃபீல்ட்ஸில் பழைய கேமரா சாமான் விற்கும் கடையில் ஒளியை அதிகம் வாங்கும் 1.4 லென்ஸ் ஒன்றே ஒன்று இருந்தது. உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். பக்கத்தில் நின்றவர் சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, அத நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"கீழ வச்சிட்டீங்களே லா. அவ்ளோ அவசரமா?"

தெரியாதவரிடம் வீட்டு விஷயம் பேச எனக்குப் பிடிக்காது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

லென்ஸை என்னிடமே நீட்டினார். "நான் எங்க வீட்டுப் பூனையத்தான் எடுக்கப்போறேன். அது காத்திருக்கும். ஆனா வெளிச்சம் வர்ற துவாரத்த முழுசா தொறந்தா மூக்கு தெளிவா விழும், காது மங்கிடும். தம்பிய ஆடாம நிக்கச் சொல்லுங்க."

வாங்கிவிட்டேன். காவடி எடுப்பவனை ஆடாமல் நிற்கவைப்பது எப்படி? தெரிந்தவர்கள் இன்றைக்குள் எழுதுங்கள்.