பேதி குடித்த நாள்

எங்கள் அப்பா குடல் புற்றுநோயில் செத்தார். அதனால் ஐம்பது வயதை நெருங்கும்போது எனக்கும் குடலுக்குள் கமெரா விட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். எனக்கு வலியோ இரத்தப்போக்கோ கிடையாது. சும்மா பார்க்கிற சோதனைதான்.

பலாபத்வலையில் அப்பா விட்டுப்போன வீட்டை நடுவில் பலகை அடித்துப் பிரித்திருந்தோம். ஒரு பக்கம் நானும் மனைவியும். மறுபக்கம் த்ரீவீலர் ஓட்டும் அண்ணனும் அண்ணியும். பிரிக்க முடியாமல் போனது, குளிக்கவும் பயன்பட்ட பின்புறத்துக் கக்கூஸ் ஒன்றுதான். அதை யார் கழுவுவது என்று தொடங்கிய சண்டையில், எங்களுக்குள் பேச்சே நின்றுபோயிருந்தது.

சோதனைக்கு முதல் நாள், குடலைச் சுத்தமாக்கப் பேதி மருந்தைக் கரைத்துக் குடித்தேன். உப்பும் புளிப்புமாகக் குமட்டியது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு யாரோ வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை முறுக்கிப் பிழிந்தது போல் இருந்தது. ஓடினேன். கதவு உள்ளே பூட்டியிருந்தது. அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான்.

தட்டினேன். உள்ளே அவன் பாடும் சத்தம் கூடியது. கதவை உதைத்தேன். இடுப்பில் துவாயோடு வெளியே வந்தவனைத் தள்ளிவிட்டு நுழையப் பார்த்தேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். சீமெந்துத் தொட்டியின் விளிம்பில் தலை மோதி விழுந்தேன். விழுந்த இடத்திலேயே இடுப்பில் கட்டியிருந்த சாரம் நனைந்துபோனது. அதைப் பார்த்து அவன் சிரித்தான். எழுந்து அவன் கையைக் கடித்தேன். பல் இறங்கியது தெரிந்தது. என் மனைவி விளக்குமாற்றோடு ஓடிவந்து அவன் முதுகில் விளாசினாள்.

உள்ளே உட்கார்ந்தேன். வாயிலிருந்து இரத்தம் வழிந்தது, கீழே தண்ணீராய்க் கொட்டியது. அண்ணன் உதைத்த உதையில் தாழ்ப்பாள் பெயர்ந்தது. மனைவி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். பொழுது சாயும்வரை ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் காவல் நின்றாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், வீங்கியிருந்த என் கண்ணைப் பார்த்துத் தாதி சிங்களத்தில் விசாரித்தார். வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

மயக்க ஊசி எனக்கு முழுதாக ஏறவில்லை. குடலின் வளைவுகளில் குழாய் திரும்பும்போதெல்லாம் வயிறு வெடித்துவிடும் போல் இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணனைக் கெட்ட வார்த்தைகளில் திட்டினேனாம். டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அத்தனையும் அவருக்குப் புரிந்திருக்கிறது.

முடிந்த பிறகு என்னையும் கூட வந்திருந்த மனைவியையும் உட்கார வைத்துப் பேசினார். குடலில் சின்னச் சின்னச் சதை முளைகள் இருந்தனவாம், வெட்டி எடுத்துவிட்டாராம். விட்டிருந்தால் பின்னால் புற்றாக மாறியிருக்கலாம் என்றார்.

"தகப்பனுக்கும் இருந்திருக்கு, உங்களுக்கும் இருக்கு. கூடப்பிறந்த ஆக்களும் கட்டாயம் பாக்கவேணும். ஆரும் இருக்கினமோ?"

மனைவிதான் சொன்னாள்.

"ஒரு அண்ணன் இருக்காரு டொக்டர். இவரு மூஞ்சிய இப்படிப் பண்ணினது அவருதாங்க."

டொக்டர் என் வீங்கிய கண்ணைப் பார்த்தார். "அப்ப அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் த்ரீவீலரைக் கழுவிக்கொண்டிருந்தான். கையில் துணிக்கட்டு. எட்ட நின்றே டொக்டர் சொன்னதைச் சொன்னேன். வாளியைத் தூக்கி என் மேல் எறிந்தான். அது சுவரில் பட்டு உடைந்தது.

"அப்பா செத்த மாதிரி நானும் சாவணும்னு பாக்கிறியா?"

அண்ணி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை பலகைக்கு அந்தப் பக்கம் பீங்கான்கள் உடைந்தன. அவர் கத்துவது கேட்டது. பிறகு அண்ணன் அழுதான். அப்பாவைப் புதைத்த நாளிலும் அவன் அழுது நான் கேட்டதில்லை.

அண்ணி அவனை இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை செய்ய வைத்தார். எனக்கு இருந்ததைவிடப் பெரிய முளையாம். வெட்டியெடுத்ததில் புற்று இல்லை என்று, பின்னால் எங்கள் இருவருக்குமே முடிவு வந்தது. அதை அண்ணிதான் வந்து என் மனைவியிடம் சொன்னார். அண்ணன் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.