பச்சைக் கை

கிள்ளானில் எங்கள் கடைவரிசையைப் பாரம்பரியப் பகுதியில் சேர்க்கலாமா என்று பார்க்க ஒரு குழு வருகிறதென்றதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல்நாளே கடை முகப்புக்குப் பச்சைச் சாயம் அடித்துவிட்டேன்.

குழுவிலிருந்து வந்தவர் கழுத்தில் அளவுநாடா தொங்கிய ஒல்லியான அம்மா. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். என் சுவரைத் தொட்டதும் கை பச்சையானது.

"என்ன அண்ணே இது?"

"நேத்துதான் அடிச்சேன் மேடம், உங்களுக்காகத்தான் லா."

"ஐயோ! நாங்க பழசைத்தானே பார்க்க வந்தோம்!"

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தார். மேல்மாடிச் சுவரில் சுண்ணாம்புப் பூக்களும் பொறித்திருந்த கட்டிய வருடமும் சாயம் படாமல் அப்படியே இருந்தன.

"நல்ல வேளை, உங்க ஏணி குட்டை!" என்று சிரித்தபடி, வரைபடத்தில் என் கடையையும் சேர்த்துக் கோடு போட்டார்.

பிறகு பச்சையையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டேன், அவர் கை பதிந்த இடத்தைத் தவிர.