அலமாரியில் வைத்த பொடி

என் மெஷினைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். திருச்சியில் ஒரு கல்லூரியின் வேதியியல் துறையில், ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரோமீட்டரை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். அளக்க வரும் சாம்பிளெல்லாம் என் அலமாரியில்தான் இருக்கும்.

காட்டூரிலிருந்து வரும் ஸ்டெல்லா அங்கே பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அவள் தயாரித்த பொடி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். பெயின்டில் கலக்கும் தின்னரின் ஆவி அதற்குள் புகுந்தால் யுவி விளக்கின்கீழ் ஒளிரும். சும்மா இருக்கும்போது ஒளிரக் கூடாது. அவள் கட்டுரையை வெளியிடும் முன், ஏற்கெனவே வந்த ரிசல்ட்டை மறுபடி எடுத்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள் ஆய்விதழ்க்காரர்கள்.

அன்று வெறும் பொடியே பளிச்சென்று பச்சையாக ஒளிர்ந்தது. அவளுடைய கைடு என்னைத்தான் முதலில் பார்த்தார்.

"ரெங்கராஜன், மெஷின்ல ஏதாவது கோளாறா?"

சுத்தமான தண்ணீரை வைத்து ஓட்டிக் காட்டினேன். திரையில் கோடு மேலெழும் பீக் வர வேண்டிய இடத்தில் வந்தது.

"மெஷின் கிண்ணுனு இருக்கு சார். சாம்பிள்தான் சரியில்ல" என்றேன், காலரைத் தூக்கிவிடாத குறையாக.

அவர் ஸ்டெல்லாவிடம் திரும்பினார். "அப்ப போன தடவை காமிச்ச டேட்டா எங்கேர்ந்து வந்துச்சும்மா?"

மற்ற மாணவர்களெல்லாம் நின்றிருந்தார்கள். அவளுடைய மூன்று வருட உழைப்பைப் பொய் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார். அதற்கு என் வாயும் உடந்தை.

பாட்டிலைத் திரும்ப வைக்க அலமாரியைத் திறந்தேன். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று அடித்தது. கரப்பான் லேபிளை அரிக்கிறதே என்று, போன வாரம் காந்தி மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் வாங்கிப் போட்டவன் நானேதான். பொடி உலரட்டும் என்று அவள் பாட்டிலை ஓட்டை போட்ட அலுமினியத் தாளால் மூடியிருந்தாள். தின்னர் ஆவி புகுகிற துளைக்குள் இந்த ஆவியும் புகுந்திருக்கும். உருண்டைகளை எடுத்து எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது.

நேரே கைடு அறைக்குப் போனேன். "சார், சாம்பிளும் சரி, அந்தப் பொண்ணும் சரி. நான்தான் சரியில்ல."

பொடியைக் காற்றை உறிஞ்சியெடுக்கும் வேக்குவம் அடுப்பில் வைத்துச் சூடாக்கினோம். உள்ளே புகுந்திருந்த உருண்டை ஆவி வெளியேறியதும் ஒளிர்வு போய்விட்டது. தின்னர் ரிசல்ட் பழையபடியே வந்தது. எல்லோர் முன்னாலும் கேட்டவர், எல்லோர் முன்னாலும் "ஸாரிம்மா" என்றார்.

நான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள்.

"விடுங்கண்ணே. நீங்க போட்ட உருண்டையையே காட்டிக்குடுத்திருக்கு பாருங்க, என் பொடி!"

இன்றும் யாராவது மெஷினைக் குறை சொன்னால் தண்ணீரை ஓட்டிக் காட்டுவேன். அந்தத் திமிர் போகவில்லை. ஆனால் சாம்பிள் சரியில்லை என்று சொல்வதற்கு முன், அலமாரியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்துவிடுகிறேன்.