நல்ல தண்ணீரால் கழுவாத பற்றரித் தட்டு

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கடலுக்குக் குறுக்கே போகும் தாம்போதியின் நடுவில் அண்ணாவின் காரின் ஹோர்ன் ஒருவரும் தொடாமல் ஒலிக்கத் தொடங்கியது.

காரை ஓட்டியவள் என் மகள். அவளது இரண்டு கைகளும் ஸ்ரேறிங் வளையத்தின் விளிம்பில் இருந்தன. அண்ணாவின் தலையை மடியில் வைத்தபடி நான் பின் ஆசனத்தில் இருந்தேன். வாடைக் காற்றும் இல்லை, சோளகக் காற்றும் இல்லை. வீதியின் இரு பக்கமும் கடல் அசையாமல் கிடந்தது. அந்த ஒலி மட்டும் நிற்கவேயில்லை.

"அம்மா, நான் அமத்தேல்லை. நான் ஒண்டும் செய்யேல்லை, அம்மா" என்றாள் மகள்.

பாரிசவாதத்தால் ஒன்பது மாதங்களாக ஒரு சொல்லும் பேசாதிருந்த அண்ணா அப்போது கண் திறந்தார். யன்னலுக்கு வெளியே, யாரும் இல்லாத வீதியோரத்தைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்:

"ஓம், வாறன்."

முன்பக்கம் ஏதோ முறிந்து விழுந்த சத்தம் கேட்டது. ஹோர்ன் நின்றது. எஞ்சினும் நின்றது. மீண்டும் ஸ்ராட் செய்ய மகள் திறப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதவி வருவதற்குள் அண்ணாவின் மூச்சு என் மடியிலேயே அடங்கிவிட்டது.

அண்ணாவின் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் இப்படி ஒரு தொடக்கம் பொருந்தாது என்று உறவினர்கள் நினைக்கக்கூடும். ஆனால் செத்தவீட்டில் என் காதுபட ஒருவர் சொன்னார்: "சின்னப் பெட்டையிட்டைக் காரைக் குடுத்தால் உப்பிடித்தான்." மகளும் அதைக் கேட்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சொல்லை அவள் மேலிருந்து எடுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணா மடத்துவெளியில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா நேரத்தோடு காலமானதால் படிப்பை விட்டுவிட்டு வாடகைக் கார் ஓட்டப் பழகினார். என்னை ஆசிரியை ஆக்கியவர் அவர்தான். தான் கலியாணம் செய்யவில்லை. என் கணவர் இறந்தபின் என்னையும் கைக்குழந்தையையும் தன்னோடு வைத்துக்கொண்டார். போரில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கார் நிறுத்தும் கொட்டிலில் காரின் கூடு மட்டும்தான் நின்றது. அதைத் துண்டு துண்டாகச் சேர்த்து மூன்று ஆண்டுகளில் மறுபடியும் ஓடவைத்தார். நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் இறக்குவார். பிள்ளைப்பேற்றுக்கென்று யார் எந்த நேரம் கூப்பிட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "வாறன்." வீட்டு வாசலில் நின்று ஒரு தரம் நீளமாகவும் ஒரு தரம் கட்டையாகவும் ஹோர்ன் அடிப்பார். ஊரில் எல்லோருக்கும் அந்த அடி தெரியும்.

கடலும் உப்புக் காற்றும் சூழ்ந்த எங்கள் ஊரில் பழைய கார் ஒன்றைக் காப்பாற்றுவது சுலபமல்ல. முதலில் போவது பற்றரி இருக்கும் தட்டு. பற்றரியிலிருந்து கசியும் அசிற்றும் காற்றின் உப்பும் சேர்ந்து தகட்டைத் தின்னும். அமாவாசைதோறும் அண்ணா ஐயாவுக்காக விரதம் இருப்பார். அன்று கார் எடுக்கமாட்டார். சாப்பாடு முடிந்ததும் பற்றரியைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத் தட்டின் முன் குந்துவார். அப்பச்சோடா கரைத்த வெந்நீரை ஊற்றி, நுரைப்பது அடங்கும்வரை பழைய பிரஷ்ஷால் தேய்ப்பார். பிறகு நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் காயவிடுவார். துருக் கறள் தெரிந்தால் வெறும் இரும்பு மினுங்கும்வரை அரத்தாளால் சுரண்டி, கறள் தடுக்கும் சிவப்புப் பூச்சும் அதன்மேல் கறுப்பும் பூசுவார். பூச்சு நன்றாகக் காய்ந்தபின் பழைய ரயர் ரியூப் துண்டு ஒன்றை விரித்துப் பற்றரியை ஏற்றுவார். வயர் முனைகளுக்குக் கிறீஸ் தடவுவார்.

எங்கள் கிணறு சவர்க் கிணறு, தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிநீர் பவுசர் லொறியில்தான் வரும். அதில் ஒரு வாளியை அவர் காருக்கு ஊற்றும்போது எனக்கு ஆத்திரம் வரும்.

"குடிக்கிற தண்ணியைக் கொண்டுபோய் இரும்பிலை ஊத்துறியள்!"

"எனக்குக் கிணத்துத் தண்ணி போதும். இவளுக்குப் போதாது" என்று காரைத் தட்டிச் சிரிப்பார். "நீ வேணுமெண்டால் இவளோடை சண்டை பிடி."

ஒன்பது மாதங்களுக்கு முன் பாரிசவாதத்தில் அவரது வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போனது. அந்த அமாவாசை வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மகள் தொட வந்தபோது, "அசிற் கையிலை படும், நீ தள்ளி நில்" என்று தடுத்தேன். எல்லாவற்றையும் அண்ணா செய்தபடியே செய்தேன், ஒன்றைத் தவிர. நோயாளி இருக்கும் வீடு, பவுசர் தண்ணீர் போதாது. கிணற்றுத் தண்ணீரால் கழுவினேன். ஒன்பது அமாவாசையும் அப்படித்தான். ஈரம் சரியாகக் காயுமுன்னரே பூச்சும் பூசினேன். நான் வாளியோடு கிணற்றடியிலிருந்து வரும்போதெல்லாம் அண்ணா கட்டிலில் கிடந்தபடி தலையை ஆட்டுவார். இது பெண்பிள்ளையின் வேலை அல்ல என்கிறார் என்று எண்ணினேன். தட்டு மேலே கறுப்பாக மினுங்கியது. அடியில் உப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அன்று அண்ணாவுக்கு மூச்சு வாங்கியது. அம்புலன்ஸ் வேறொரு நோயாளியோடு யாழ்ப்பாணம் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக மகள்தான் துணிந்து காரை எடுத்தாள்.

அந்த வேளையில் உதவியவர்களை மறக்க ஏலாது. மீன் பெட்டியை வெயிலில் இறக்கி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் பறந்துபோய் உழவு இயந்திரம் கூட்டிவந்த அல்லைப்பிட்டித் தம்பிக்கும், முப்பது நாளும் எங்கள் குசினிக்குச் சோறு கொண்டுவந்த இறுப்பிட்டி அக்காமாருக்கும், வெளிநாடுகளிலிருந்து அழைத்து அழுத உறவுகளுக்கும் எங்கள் நன்றி.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றிச் சொல்ல, நான் யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும்.

சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த மறுநாள், மூன்று பத்துக்கு, கொட்டிலில் ஹோர்ன் கேட்டது. ஒரு நீளம், ஒரு கட்டை. இழுத்துவந்து நிறுத்திய காரில் அப்போது பற்றரியே இல்லை. என் மனப்பிரமை என்று நினைத்தேன். ஆனால் குசினியில் நின்ற மகள் அகப்பையை வைத்துவிட்டு, "மாமா, வாறன்" என்று சொல்லிக்கொண்டு வீதி வாசல் படலையை நோக்கி நடந்தாள். ஓடிப்போய்ப் பிடித்தேன். கை குளிர்ந்திருந்தது.

"எங்கை போறாய்?"

"கூப்பிடுறார், அம்மா. அண்டைக்கு நான்தானே கொண்டுபோய்ச் சேர்க்கேல்லை."

அதன்பின் ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு முன்னரே படலையைப் பூட்டிவிட்டு அவளருகில் இருப்பேன். ஒவ்வொரு நாளும் அவள் எழும்புவாள். பெற்றவளின் பயத்தை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் வேலணையிலிருந்து அண்ணாவின் கூட்டாளியான மெக்கானிக் வந்தார். காய்ச்சலில் கிடந்ததால் செத்தவீட்டுக்கு வரமுடியாமல் போனவர். காரின் முன் பொனற்றைத் திறந்து தட்டில் விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"பூச்சு நல்லாத்தான் இருக்கு. ரீச்சர் கொப்பி திருத்தின மாதிரி" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, உதிர்ந்த கறளை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தார். "எந்தத் தண்ணியாலை கழுவினனீங்கள்?"

மகள் பக்கத்தில் நின்றாள்.

"கிணத்துத் தண்ணியாலை" என்றேன். "நான்தான் கழுவினனான். பிள்ளை தொடவே இல்லை."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். "இஞ்சை பாரும் பிள்ளை. தட்டு இறங்கப் பற்றரி சரிஞ்சு ஹோர்ன் வயரை நெரிச்சிருக்கு. அதுதான் அடிச்சது. பிறகு முழுக்க விழுந்து வயர் அறுந்துபோச்சு. ஆர் காரை ஓடியிருந்தாலும், அண்ணையே ஓடியிருந்தாலும், அந்த இடத்திலை நிண்டிருக்கும்."

மகள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அவள் தலை படலைப் பக்கம் திரும்பியது. எனக்கும் அந்த ஹோர்ன் கேட்டது.

மெக்கானிக்குக் கேட்டதா, தெரியாது. அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு படலையடிக்கு நடந்தார். எங்கள் ஊரில் படலையடியில் நின்று யாரையும் "போங்கோ" என்று சொல்வதில்லை, "போட்டு வாங்கோ", போய்த் திரும்பி வாருங்கள் என்றுதான் அனுப்புவோம். அவர் யாருமில்லாத வீதியைப் பார்த்து, மரியாதையாக, உரத்துச் சொன்னார்:

"அண்ணை, பிள்ளை வராது. நீங்கள் போங்கோ."