என் சிரட்டைத் தம்புராவைப் பார்க்க வந்தவர்கள்

வாத்தியம் செய்கிறவளுக்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும்; அதைக் கண்காட்சியில் வைக்கிறவளுக்கு அதே காது கொஞ்சம் மந்தமாக இருப்பது நல்லது. உத்தமபாளையத்தில் என் வீட்டு மாடியில் தேங்காய்ச் சிரட்டையும் மூங்கிலும் கம்பியும் வைத்துச் சின்னத் தம்புரா செய்கிறேன். என்னைப் போல ஊர் ஊராக மேசை போட்டு நிற்கிறவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

எண்ணெய்க் கை

வைகை அணைப் பக்கம் ஒரு கைவினைக் கண்காட்சி. பஜ்ஜி தின்றுகொண்டே ஒருவர் மனைவியோடு வந்தார். "தொடச்சிட்டுத் தொடுங்கண்ணே" என்று துணியை நீட்டினேன். அதில் வாயைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய்க் கையாலேயே கம்பியைப் பிடித்து மாட்டுக் கயிற்றை இழுப்பதுபோல இழுத்தார். அறுந்துவிட்டது. ஒரு வார்த்தை வருத்தம் சொல்வார் என்று நின்றேன். அறுந்த முனையை மனைவியிடம் காட்டினார்.

"பாத்தியா, இதுக்குத்தான் கையில செஞ்சதை வாங்கக் கூடாதுங்கிறது."

நடுவர்

தேனியில் ஒரு கல்லூரியில் புதுக் கண்டுபிடிப்புகளுக்கான போட்டி. என் கணவர் டவுன் பஸ் கண்டக்டர். லீவு போட்டுப் பெட்டி தூக்க வந்திருந்தார். நடுவர் என்னைத் தாண்டி நேராக அவரிடம் போனார். சிரட்டையில் துளை எங்கே போடணும், கம்பியை எப்படி முறுக்கணும் என்று கேள்விமேல் கேள்வி. பதில் சொன்னது நான். நடுவர் தலையாட்டியது என் கணவரைப் பார்த்து.

கடைசியில் என் கணவருக்கே பொறுக்கவில்லை. "சார், எனக்கு விசில் ஊதத்தான் தெரியும். செஞ்சது பூரா என் வீட்டுக்காரி. அவகிட்டக் கேளுங்க" என்றார். நடுவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். மறுபடியும் அவர் பக்கமே திரும்பிக்கொண்டார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு. பேரை வீட்டம்மாவுக்கு விட்டுக் குடுக்கிறீங்க."

ஜெனரேட்டர் பக்கம்

காமயகவுண்டன்பட்டிக் கண்காட்சியில் எனக்கு ஒதுக்கிய இடம் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். நான் மீட்டுவது எனக்கே கேட்கவில்லை. இடம் மாற்றித் தரச் சொன்னதற்கு, "பாக்க அழகாத்தானம்மா இருக்கு, அது போதாதா" என்றார் ஏற்பாட்டாளர். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தம்புராவைத் தூக்கிக்கொண்டு தென்னைமர நிழலுக்குப் போய்விட்டேன்.

அங்கே திராட்சைத் தோட்டத்து வேலை முடித்த பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீட்டினேன். ஒரு அக்கா சிரட்டையில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கா மீட்டு ஆத்தா" என்றாள். வழியில் போனவர்களும் நின்றார்கள். அன்றைக்குத்தான் என் தம்புராவை ஊர் கேட்டது. ஏற்பாட்டாளரும் வேகமாக வந்தார். கேட்கத்தான் வருகிறார் என்று நகர்ந்து இடம் விட்டேன்.

"இங்கன கூட்டம் சேக்காதம்மா. அங்கன மேடையில பேசுறவுக வெறும் சேரைப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்காக."

எவ்வளவு முரட்டுச் சிரட்டையையும் இழைத்து வழவழப்பாக்கிவிடுகிறேன், என் கோபத்தைத்தான் எந்த உப்புத்தாளாலும் தேய்க்க முடியவில்லை.